மானின் மூக்கும் வேடனின் குடிலும்

மிச்சிகன் ஏரிக்கு மேற்கே விரிந்து கிடக்கும் விஸ்கான்சின் மாநிலத்தில், நவம்பர் மாதத்து விடியற்காலையில், புல்நுனிகளிலெல்லாம் உறைபனி பூத்துக் கிடக்க, ஓக் மரங்களில் எஞ்சி நின்ற பழுப்பிலைகள் ஒன்றிரண்டாக உதிர்ந்துகொண்டிருக்கும் வேளையில், காட்டோரத்தில் நான்கு முழ உயரமுள்ள துணிக்கூடாரம் ஒன்றுக்குள் சிறு நாற்காலியைப் போட்டு ஒரு மனிதன் அமர்ந்திருக்கிறான். காலை மாற்றி வைப்பதில்லை, தொண்டையைச் செருமுவதில்லை, கைக்கடிகாரத்தைப் பார்ப்பதற்குக்கூட அவன் கையைத் தூக்குவதில்லை. அவன் காத்திருப்பது வெண்வால் மானுக்காக. தரையில் அமைக்கும் இத்தகைய மறைகுடிலை அமெரிக்க வேடர்கள் 'பிளைண்ட்' என்று வழங்குகிறார்கள். குருடு என்று பொருள்படும் அச்சொல்லை நான் முதலில் கேட்டபோது, ஏதோ பேச்சுவழக்கில் ஒட்டிக்கொண்ட பெயர் என்றே எண்ணினேன். பிராணிகளின் புலன்களைப் பற்றிக் கற்கக் கற்க, அந்தப் பெயருக்குள் ஓர் உண்மையும் ஓர் எச்சரிக்கையும் சேர்ந்தே அடங்கியிருப்பதை உணர்ந்தேன். குடில் மானின் கண்ணைக் கட்டுகிறது என்பது உண்மை. கண்ணை மட்டுமே கட்டுகிறது என்பது எச்சரிக்கை.

கூடாவொழுக்கத்தைக் கண்டிக்க வந்த திருவள்ளுவர், தவவேடத்தில் மறைந்து தீயன செய்பவனுக்கு உவமையாக, புதரில் மறைந்திருந்து பறவை பிடிக்கும் வேட்டுவனைக் காட்டினார். அவன் பிடிக்க வந்தது பறவை என்பதைக் கவனிக்க வேண்டும். பறவைக்குப் புதர் போதும். மானைப் பிடிக்க முயன்ற பழந்தமிழ் வேட்டுவரோ, பழக்கிய மானையே முன்னால் நிறுத்தி மற்ற மான்களை ஈர்த்தார்கள் என்றும், அவ்வாறு பழக்கிய விலங்குக்குப் 'பார்வை' என்று பெயர் வழங்கியது என்றும் நம் பழைய இலக்கியங்களால் அறிகிறோம். பறவைக்கு ஒரு உபாயமும் மானுக்கு வேறொரு உபாயமும் ஏன் வேண்டியிருந்தன என்ற வினாவுக்கு விடை, அவ்விரு பிராணிகளின் இந்திரிய அமைப்பில் கிடக்கிறது.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் வேட்டை முடிந்துபோன கதையாகிவிட்டது; அது அவ்வாறே இருக்க வேண்டும் என்பதே என் கருத்து. விஸ்கான்சினின் நிலைமை வேறு. அங்கே குடியேறிகள் காட்டை அழித்து ஓநாய்களையும் ஒழித்தார்கள். மான்களையும் கணக்கின்றிச் சுட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் அருகிப்போகச் செய்தார்கள். பின்னர் கடுமையான சட்டங்களின் பாதுகாப்பில் மான்கள் மீண்டும் பெருகின. ஆனால் அவற்றைக் குறைப்பதற்குப் போதிய ஓநாய்கள் அப்போது இருக்கவில்லை. 1933-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வேட்டைவிலங்குப் பராமரிப்புக்கென்றே ஏற்படுத்தப்பட்ட பேராசிரியர் பதவியை ஏற்ற ஆல்டோ லியோபோல்டு, பெருகிவிட்ட மான்கள் காட்டின் இளங்கன்றுகளையெல்லாம் மேய்ந்து தீர்த்து, இறுதியில் பனிக்காலத்தில் தாங்களே பட்டினி கிடந்து மடிகின்றன என்பதை எடுத்துக் காட்டி, மந்தையைக் குறைக்க வேண்டும் என்று 1940-களில் வாதாடிப் பெரும் எதிர்ப்பைச் சம்பாதித்துக்கொண்டார். மானை நேசித்த ஜனங்களிடம் மானைக் கொல்லச் சொல்வது எளிதான காரியமா? ஆயினும் அவர் கண்ட உண்மை நிலைத்தது. ஆண்டுதோறும் நன்றி நவிலல் திருநாளுக்கு முந்திய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாட்கள் அங்கே துப்பாக்கி வேட்டை நடைபெறுகிறது. வில்வேட்டை அதற்கு முன்னரே செப்டம்பரில் தொடங்கிவிடுகிறது. கொல்வதென்று ஆனபின், அதைப் பிராணிக்குத் துன்பம் குறைந்த வகையில் செய்யவேண்டியது வேடனின் கடமை. அக்கடமைக்கு முதற்படி, அருகில் செல்லுதல். அருகில் செல்ல இயலாதவனுக்கு, அது அருகில் வரும் வரை மறைந்திருத்தல். மரத்தின்மேல் பரண் கட்டி அமர்வோரும் உண்டு. ஆனால் பரணிலிருந்து விழுந்து எலும்பை முறித்துக்கொள்வோர் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். முதியோருக்கும் சிறுவருக்கும் சக்கர நாற்காலியில் செல்வோருக்கும் தரைக்குடிலே தக்கது.

முதலில் கண்ணை எடுத்துக்கொள்வோம். மானுக்கு நிறம் தெரியுமா என்பது வெகுகாலம் வெறும் வாக்குவாதமாகவே இருந்து வந்தது. 1994-இல் கலிபோர்னியாவின் ஜெரால்டு ஜேக்கப்ஸ் என்பவரும் அவருடைய தோழர்களும், ஜார்ஜியா பல்கலைக்கழகத்து மானியல் அறிஞர்களோடு சேர்ந்து, மயக்கமருந்து கொடுத்த மான்களின் கண்ணில் வெவ்வேறு அலைநீளமுள்ள ஒளியைப் பாய்ச்சி, விழித்திரையில் எழும் மின்துடிப்பை அளந்து அந்த வாதத்தைத் தீர்த்து வைத்தார்கள். மனிதக் கண்ணில் நிறமறியும் கூம்பணுக்கள் மூன்று வகை. வெண்வால் மானின் கண்ணில் இரண்டே வகை: ஒன்று 450 முதல் 460 நானோமீட்டர் வரையுள்ள நீல ஒளியிலும், மற்றொன்று 537 நானோமீட்டரை ஒட்டிய பச்சை ஒளியிலும் மிகுதியாகக் கிளர்ச்சி பெறுகின்றன. செம்மையைப் பிரித்தறிய நமக்கு உதவும் மூன்றாவது வகை அதற்கு இல்லை. ஆகவே நம் கண்ணைப் பறிக்கும் செம்மஞ்சள் நிறம் மானுக்கு இலைகளின் நிறத்தோடு ஒன்றிப்போன ஏதோ ஒரு மங்கலாகவே தோன்றும்.

இந்த ஓர் உண்மை எத்தனை உயிர்களைக் காக்கிறது என்று எண்ணிப் பார்க்கையில் எனக்கு வியப்பே மேலிடுகிறது. வேட்டைக் காலத்தில் ஒரே காட்டில் பலர் துப்பாக்கியோடு திரிகிறார்கள். ஒருவரை மற்றவர் மான் என்று மயங்கிச் சுட்டுவிடாமலிருக்க, மனிதனுக்குத் தெரிந்து மானுக்குத் தெரியாத ஒரு நிறம் வேண்டும். இயற்கையே அந்த நிறத்தைத் தந்திருக்கிறது. குடிலுக்குள் இருப்பவனின் செம்மஞ்சள் சட்டை வெளியே தெரியாது என்பதால், விஸ்கான்சின் அரசின் பொறுப்பிலுள்ள நிலங்களில், துப்பாக்கி வேட்டைக் காலத்தில் நிறுத்தப்படும் குடிலின்மேலேயே, எல்லாத் திசைகளிலிருந்தும் தெரியும்படி, குறைந்தது 144 சதுர அங்குல அளவுக்கு அந்த நிறத் துணியைக் கட்டவேண்டும் என்று விதித்திருக்கிறார்கள்.

ஆனால் நீலத்தின் பக்கம் வந்தால் நிலைமை தலைகீழாகிறது. மனிதக் கண்ணின் வில்லை சற்றே மஞ்சள் சாயல் உடையது; புற ஊதாக் கதிர்களைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. மானின் வில்லை அவ்வாறு தடுப்பதில்லை. நாம் வெள்ளாடை பளிச்சென்றிருக்கவேண்டும் என்று விரும்பி வாங்கும் சலவைத்தூள்களில், புற ஊதாக் கதிரை உறிஞ்சி நீல ஒளியாக வெளியிடும் இரசாயனங்கள் கலந்திருக்கின்றன. அத்தகைய தூளால் துவைத்த ஆடையை அணிந்தவன், அந்தி மயங்கும் நேரத்தில், நீலத்தை நன்கு உணரும் மானின் கண்ணுக்கு லேசாக ஒளிர்பவனாகவே தோன்றக்கூடும். இலையும் கிளையும் அச்சிட்ட விலையுயர்ந்த வேட்டையுடையை வாங்கி, அதை வீட்டுச் சலவைத்தூளில் போட்டு வெளுப்பவன், மறைவதற்காகச் செய்த செலவைத் தானே வீணாக்கிக்கொள்கிறான்.

மானின் கண்ணுக்கு நிறத்தைவிடப் பெரிய பலம் அசைவை அறிவது. அதன் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்து, ஏறக்குறைய 300 பாகை வட்டத்தை ஒருங்கே நோக்குகின்றன. பாவை கிடைக்கோடாகச் சுருங்குவதும், விழித்திரையில் உணர்வணுக்கள் ஒரு கிடைப்பட்டையாகச் செறிந்திருப்பதும், அடிவானம் முழுவதையும் தலை திருப்பாமலே கண்காணிப்பதற்கு ஏற்ற ஏற்பாடுகள். நுணுக்கமாக உருவத்தை ஆராய்வதில் அது நமக்குக் குறைந்ததுதான். அசையாமல் அமர்ந்திருக்கும் மனிதனை அடிமரம் என்று எண்ணி அது கடந்து போய்விடுவதும் உண்டு. சந்தேகம் தோன்றினாலோ, தலையைத் தாழ்த்தி மேய்வதுபோல் காட்டிச் சட்டென்று நிமிர்ந்து பார்க்கும். முன்காலால் தரையை உதைக்கும். அப்போதும் அசையாதிருப்பவனே பிழைத்தான். குடிலின் முதற்பயன் இங்கேதான் வருகிறது. மனிதன் எத்தனை அடக்கமுடையவனாயினும், வில்லை நாணேற்றி இழுக்கும் அந்தக் கணத்தில் அசையாமலிருக்க முடியாது. அந்தத் தவிர்க்கமுடியாத அசைவுக்குத் துணிச்சுவர் திரையாகிறது.

ஆனால் திரையில் சாளரம் இருக்கிறதே, அதன் வழியே மான் பார்த்துவிடாதா? நண்பகலில் தெருவில் நடந்து செல்பவன், ஒரு வீட்டுச் சன்னலை எதிரே நின்று பார்த்தாலும் உள்ளே இருட்டையே காண்கிறான்; சன்னல் கம்பிக்குப் பின்னால் நிற்கும் பாட்டியோ அவன் யார் வீட்டுப் பிள்ளை என்பது வரை கண்டுகொள்கிறாள். சிறு துவாரத்தின் வழியே உட்புகும் ஒளி, உள்ளே சுவருக்குச் சுவர் மோதி, மோதுந்தோறும் ஒரு பங்கை இழந்து, மீண்டும் அதே துவாரத்தைக் கண்டுபிடித்து வெளியேறுவதற்குள் பெரும்பாலும் அழிந்துபோகிறது. உட்சுவர் கறுப்பாக இருந்தால் முதல் மோதலிலேயே அழிகிறது. இதற்காகத்தான் குடிலின் உட்புறத் துணிக்குக் கறுப்புச் சாயம் ஏற்றுகிறார்கள். உள்ளே அமர்பவனும் பச்சை இலைச் சட்டையைக் கழற்றிவிட்டுக் கறுப்பு உடுத்துகிறான். முகமும் கையும் மட்டும் வெளுப்பாகத் தெரியும் என்பதால் அவற்றுக்கும் கறுப்பு உறை உண்டு. சாளரத்தை ஒட்டி அமர்ந்தால் வெளிவெளிச்சம் மேலே விழும். ஆகவே பின்னால் தள்ளி அமரவேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது, எதிரெதிர்ச் சாளரங்களை ஒருசேரத் திறக்கலாகாது என்பது. முன்சாளரத்தோடு பின்சாளரமும் திறந்திருந்தால், பின்னாலிருக்கும் வெளிச்சத்தின்மேல் வேடனின் தலையும் தோளும் நிழற்பொம்மையைப் போலத் துல்லியமாகத் தீட்டப்பட்டுவிடும். காற்றோட்டமாக இருக்கட்டும் என்றோ, நாற்புறமும் தெரியட்டும் என்றோ எல்லாவற்றையும் திறந்து வைப்பவன் கூடாரத்துக்குள் இருந்தும் வெளியில் இருப்பவனே.

குடிலின் புறத்தோற்றத்தைப் பற்றிய அறிவு, பூச்சிகளிடமிருந்து நாம் கற்றுக்கொண்டது. ஒரு பொருளைக் கண் அடையாளங் காண்பது பெரும்பாலும் அதன் விளிம்புக்கோட்டைக் கொண்டே. அக்கோட்டை உடைத்துவிட்டால், நிறம் முற்றும் பொருந்தாவிட்டாலும் பொருள் பின்னணியில் கரைந்துவிடும் என்று ஹியூ காட் என்னும் ஆங்கில விலங்கியலார் 1940-இல் வெளியிட்ட பெருநூலில் விரித்துரைத்தார். அது உண்மைதானா என்று சோதிக்க, 2005-இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் காகித அட்டையை முக்கோணமாக வெட்டி, ஓக் மரப்பட்டையின் வண்ணங்களைத் தீட்டி, நடுவில் இறந்த புழு ஒன்றைச் செருகி, செயற்கை அந்துப்பூச்சிகளாக மரங்களில் பதித்து வைத்தார்கள். கறைகள் இறகின் விளிம்பை வெட்டிச் செல்லும்படி தீட்டப்பட்டவை, அதே கறைகள் விளிம்புக்கு உள்ளேயே அடங்கியவற்றைவிடப் பறவைகளின் அலகுக்கு நெடுநேரம் தப்பின. கூடாரத்தின்மேல் எத்தனை அழகான இலைகளை அச்சிட்டிருந்தாலும், அதன் கூரைக்கோடு நேராகவும் மூலைகள் கூராகவும் இருக்கும் வரை அது கூடாரமே. அனுபவமுள்ள வேடன் அங்கேயே கிடைக்கும் கிளைகளையும் புல்லையும் கொணர்ந்து, முக்கியமாகக் கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் செருகுகிறான். திறந்த வெளியின் நடுவே நிறுத்தாமல், பின்னால் ஒரு புதரோ சாய்ந்த மரமோ இருக்கும்படி பார்த்துக்கொள்கிறான். காற்றில் படபடக்கும் துணி ஒன்று இருந்தாலும் இத்தனை யத்தனமும் வீண். ஆகவே முளையடித்து இறுகக் கட்டவேண்டும்.

இவ்வளவு செய்தும், நேற்று இல்லாத ஒரு பொருள் இன்று தன் பாதையில் முளைத்திருப்பதை மான் கவனிக்காமல் விடாது. அது பிறந்து வளர்ந்த அந்தச் சிறு நிலப்பரப்பின் ஒவ்வொரு புதரும் அதற்குப் பாடம். புதியதைக் கண்டு ஒதுங்குவது அதன் சுபாவம். ஆனால் தீங்கு செய்யாத புதுமை மெல்ல மெல்லப் பழமையாகிவிடும் என்பதும் உயிர்களின் பொதுவிதி. இவ்விதியை முதன்முதலில் கவனித்து எழுதியவர்களுள், அதே விஸ்கான்சினின் மில்வாக்கி நகரத்தைச் சேர்ந்த பெக்கம் தம்பதியரும் அடங்குவர். 1887-இல் வெளியிட்ட கட்டுரையில், வலையில் இருந்த ஒரு சிலந்தியின் அருகே இசைக்கவை ஒன்றை அதிரச்செய்தபோது அது நூலைப் பற்றிக்கொண்டு கீழே குதித்ததையும், திரும்பத் திரும்ப அவ்வாறு செய்யவே நாளடைவில் அது குதிப்பதை விட்டுவிட்டதையும் அவர்கள் குறித்தார்கள். சிலந்திக்குப் பொருந்திய விதி மானுக்கும் பொருந்துகிறது. வேட்டை தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பாகவே குடிலை நிறுத்திவிட்டு, அருகே போகாமலிருந்தால், மான்கள் முதலில் சுற்றி வளைத்துச் செல்லும். பிறகு நின்று பார்க்கும். பிறகு பாராமலே மேயும். புதுத்துணியின் இரசாயன நாற்றமும் அதற்குள் வெயிலிலும் மழையிலும் கழிந்துபோகும்.

பிராணிக்கு முன்பே பழகிய உருவத்தையே மேற்கொள்வது இன்னொரு மார்க்கம். 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில், இங்கிலாந்தின் ரிச்சர்ட் கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்னும் சகோதரர்கள், பறவைகளைப் புகைப்படம் எடுப்பதற்காக, மாட்டுத்தோலால் உள்ளீடற்ற ஒரு காளையைச் செய்து, அதன் வயிற்றுக்குள் நின்றுகொண்டு படமெடுத்தார்கள். மேய்ச்சல் நிலத்தில் காளையைக் கண்டு எந்தப் பறவை அஞ்சும்? அவர்கள் கொல்லவில்லை, ஆயினும் மறைவின் விஞ்ஞானத்தை அவர்களைப்போல் அனுபவித்துக் கற்றவர் சிலரே.

விஸ்கான்சினில் மானோடு வான்கோழியையும் குடிலிலிருந்து வேட்டையாடுகிறார்கள். வான்கோழியின் கண்ணில் நிறக்கூம்புகள் நான்கு வகை. பகல் ஒளியில் அதன் பார்வைக்கு ஈடு சொல்வது கடினம். குடில் இல்லாமல் அதன்முன் விரலை அசைத்தாலும் ஓடிவிடும். ஆனால் இருண்ட குடிலுக்குள் அமர்ந்தவனை அதனால் காணமுடியாது. வாசனையால் ஆபத்தை அறிந்து ஓடும் வழக்கமும் அதற்கு இல்லை. ஆகவே கண்ணையே நம்பி வாழும் அந்தப் பறவைக்குக் குடில் ஏறத்தாழ முழுமையான சுவர். வள்ளுவர் கண்ட வேட்டுவனுக்குப் புதர் போதுமாயிருந்ததன் காரணமும் இதுவே.

மானின் உலகமோ வாசனையால் கட்டப்பட்டது. ஒவ்வொரு பிராணியும் தன் இந்திரியங்களால் சமைத்துக்கொண்ட தனி உலகத்தில் வாழ்கிறது என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்துச் சொன்ன ஜெர்மானிய உயிரியலார் யாக்கோப் ஃபான் உக்ஸ்கியூலின் கருத்தை, மானின் மூக்கைப்போல் தெளிவாக விளக்குவது வேறொன்றில்லை. நீண்ட முகத்துக்குள் சுருள் சுருளாக மடிந்த மெல்லெலும்புகளின்மேல் போர்த்த ஈரத்தோலில் வாசனையறியும் அணுக்கள் பரந்து கிடக்கின்றன. போதாக்குறைக்கு, தன்னினத்தின் இரசாயனக் குறிகளை ஆராய்வதற்கென்று மேலண்ணத்துக்கு மேலே தனியொரு உறுப்பும் உண்டு. மூக்கை அது அடிக்கடி நக்கி ஈரமாக வைத்துக்கொள்கிறது. கண்ணால் கண்டதைச் சந்தேகிக்கும் மான், காதால் கேட்டதை நின்று ஆராயும் மான், மூக்கால் அறிந்ததை ஒருபோதும் சந்தேகிப்பதில்லை. மனித வாசனை ஒருமுறை தட்டினால், வெள்ளை வாலைக் கொடிபோல் தூக்கிக்கொண்டு, மூக்கால் சீறி மற்ற மான்களையும் எச்சரித்துக்கொண்டு மறைந்துவிடும். பெரிய கலைமான் சில வேளைகளில் சீறுவதுகூட இல்லை. வந்ததும் தெரியாமல் போனதும் தெரியாமல் விலகிவிடும்.

மனித வாசனையை ஒழித்துவிட முடியுமா? மணமற்ற சவர்க்காரத்தால் குளிக்கலாம். ஆடையைத் தனியே துவைத்து இலைகளோடு பெட்டியில் போட்டு வைக்கலாம். இரப்பர்க் காலணி அணியலாம். இவை வாசனையைக் குறைக்குமேயன்றி ஒழிக்கா. தோலிலிருந்து ஓயாமல் உதிரும் நுண்துகள்களும் மூச்சும் உயிருள்ளவரை நிற்பதில்லை. சந்தையில் இதற்கென விற்கப்படும் தெளிப்பான்களிலும் உடைகளிலும் பணத்தைக் கொட்டுவோர், அதில் பாதிக் கவனத்தைக் காற்றின்மேல் செலுத்தினால் நலமாயிருக்கும் என்பதே என் துணிபு. மானின் பாதையிலிருந்து குடிலை நோக்கிக் காற்று வீசவேண்டும். குடிலிலிருந்து பாதையை நோக்கி வீசுமானால், அன்று அங்கே அமராமல் வீட்டிலிருப்பது மேல். ஆகவே தேர்ந்த வேடன் ஒரே ஒரு குடிலை நம்புவதில்லை. வடமேற்குக் காற்றுக்கு ஓரிடம், தென்காற்றுக்கு வேறிடம் என்று அமைத்துக்கொண்டு, காலையில் எழுந்தவுடன் காற்றைக் கேட்டே இடத்தைத் தீர்மானிக்கிறான்.

காற்றின் போக்கை அறிவதும் அவ்வளவு எளிதன்று. வானிலை அறிக்கை சொல்லும் காற்று மரவுச்சிக்கு மேலே வீசுவது; மானின் மூக்குயரத்தில் வீசுவது வேறு. வேலியையும் தோப்பையும் கடக்கும் காற்று, பாறையைக் கடக்கும் நீரைப்போல, மறுபக்கம் சுழித்துத் திரும்புகிறது. இதைக் கண்ணால் காண்பதற்கு அங்கத்திய வேடர்கள் கையாளும் சாதனம் மிக எளிமையானது: பால்செடியின் பஞ்சு. நம் ஊர் எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த அச்செடியின் காயும் எருக்கங்காயைப் போலவே வெடித்து, விதைதோறும் வெண்பட்டுக் குஞ்சத்தைக் கட்டி அனுப்புகிறது. ஓர் இழையை விட்டால் அது முப்பது நாற்பது கஜம் மிதந்து சென்று, எங்கே எழும்புகிறது, எங்கே தாழ்கிறது, எங்கே வளைந்து திரும்புகிறது என்று தன் வாசனையின் பாதையை வேடனுக்கு வரைந்து காட்டுகிறது. எருக்கம் பஞ்சை ஊதிப் பறக்கவிட்டு அதன் பின்னே ஓடிய எந்தத் தமிழ்ச் சிறுவனுக்கும் இந்தக் கருவியை விளக்கவேண்டியதில்லை.

குன்றுகள் உள்ள இடத்தில், காற்றே வீசாத நாளிலும் காற்று உறங்குவதில்லை. சூரியன் ஏறியதும் சரிவுகள் சூடேற, அவற்றைத் தொட்ட வாயு இலேசாகி மேல்நோக்கி ஊர்கிறது. மாலையில் தரை குளிர்ந்ததும் கனத்த வாயு பள்ளத்தாக்கை நோக்கி நீர்போல் வழிந்து இறங்குகிறது. ஆகவே காலை ஏறிய பின் மானின் பாதைக்கு மேற்புறத்திலும், அந்தியில் அதற்குக் கீழ்ப்புறத்திலும் குடில் அமைந்தால்தான் வாசனை மானை விட்டு விலகிச் செல்லும். இந்த இரண்டுக்கும் நடுவே வாயு திசை மாறும் ஒரு நாழிகை இருக்கிறது. நாள் முழுதும் பயன்பட்ட இடம் அந்த ஒரு நாழிகையில் காட்டிக்கொடுத்துவிடும். குடிலின் மூடிய பின்சுவர்கள் வாசனையைச் சற்றே அடக்கி வைக்கும் என்பது மெய். ஆனால் சற்றே என்ற சொல்லை மறந்து அதை நம்பியவர்கள் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார்கள்.

கடைசியாகக் காது. ஹெஃப்னர் என்னும் ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட அளவீட்டின்படி, வெண்வால் மான் விநாடிக்கு 115 அதிர்வு முதல் 54,000 அதிர்வு வரையுள்ள சப்தங்களைக் கேட்கிறது. 8,000 அதிர்வை ஒட்டி அதன் செவி மிகக் கூர்மையாக இருக்கிறது. மனிதச் செவி 20,000 அதிர்வோடு நின்றுவிடுகிறது. பற்பட்டியைப் பிரிக்கும் 'ஜிப்' ஒலி, ஒட்டுப்பட்டையைக் கிழிக்கும் ஒலி, நாற்காலியின் கிறீச்சிடல் ஆகிய இவற்றிலெல்லாம் உயர்ந்த அதிர்வுகள் நிறைந்திருப்பதால், நாம் அற்பமென்று எண்ணும் சப்தமே அதற்கு முரசொலி. குடிலுக்குள் கிடக்கும் சருகுகளை வெறுந்தரை தெரியும் வரை விலக்கிவிட்டு அமர்வதும், சாளரங்களை விடியுமுன்னரே திறந்து வைத்துவிடுவதும் இதனால்தான்.

அம்பு எய்பவனுக்குக் காதால் வரும் இடர் இன்னும் நுட்பமானது. இதை ஒரு சிறு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். இக்காலத்து வில்லிலிருந்து புறப்படும் அம்பு விநாடிக்கு ஏறத்தாழ 90 மீட்டர் செல்கிறது. நாணொலியோ 340 மீட்டர் செல்கிறது. மான் 30 மீட்டர் தொலைவில் நின்றால், ஒலி 0.09 விநாடியிலும் அம்பு 0.33 விநாடியிலும் அதை எட்டுகின்றன. இடைப்பட்டது கால் விநாடிக்குச் சற்றுக் குறைவு. திடுக்கிட்ட மான் பாய்வதற்குமுன் கால்களை மடக்கி உடலைத் தாழ்த்துகிறது. சப்தத்தைக் கேட்டு உடல் இயங்கத் தொடங்குவதற்குப் பத்தில் ஒரு பங்கு விநாடி கழிவதாக வைத்துக்கொண்டாலும், எஞ்சிய நேரத்தில், புவியீர்ப்பால் மட்டுமே அதன் உடல் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் இறங்கிவிடும். நெஞ்சைக் குறித்த அம்பு மேலே முதுகுத்தசையைக் கிழித்துச் செல்லும். மான் காயத்தோடு ஓடிப்போய் எங்கோ வருந்தும். அதே மான் 15 மீட்டரில் நின்றிருந்தால், இடைவேளை 0.12 விநாடியாகச் சுருங்கி, அதன் உடல் கால் சென்டிமீட்டர் இறங்குவதற்குள் அம்பு சென்று சேர்ந்துவிடும். தொலைவு பாதியானபோது பிழை நாற்பதில் ஒரு பங்காகிறது. குடிலின் உண்மையான பெருமையை நான் இந்தக் கணக்கில்தான் காண்கிறேன். வேடனின் வெற்றிக்கு அது உதவுவதைவிட, மானின் சாவைச் சுருக்குவதற்கு அது உதவுவதே பெரிது.

அருகில் வந்துவிட்டது என்பதற்காக எய்துவிடவும் கூடாது. மான் பக்கவாட்டில் நின்று, முன்காலைச் சற்றே முன்னால் வைத்து, விலாவைத் திறந்து காட்டும் வரை பொறுக்கவேண்டும். நேரெதிரே நோக்கி நிற்பதன்மேல் அம்பு எய்வதை நல்ல வேடர்கள் இழிவாகக் கருதுகிறார்கள். இரு நுரையீரல்களையும் துளைத்த அம்பு சில விநாடிகளில் அதன் பிரக்ஞையை மாய்த்துவிடும். எய்தபின் உடனே துரத்தி ஓடாமல், அரைமணி நேரமாவது அமர்ந்திருந்து, பின்னரே இரத்தத் தடத்தைத் தொடரவேண்டும். துரத்தினால், சாகக் கிடப்பதும் எழுந்து ஓடும்.

பெரும்பாலான நாட்கள் அம்பு எய்யப்படாமலே முடிகின்றன. சட்டம் குறித்த நேரம் கடந்து, ஒளி மங்கி, குடிலுக்கு எதிரே இருக்கும் புல்வெளியில் பெண்மான்களும் குட்டிகளும் வந்து மேயத் தொடங்கிவிட்டிருக்கும். இப்போது வேடன் எழுந்து வெளியே வந்தானானால், வாரக்கணக்கில் தீங்கற்றதென்று அவை கற்றுக்கொண்ட அந்தக் கூடாரத்துக்குள்ளிருந்து மனிதன் வருகிறான் என்பதை ஒரே கணத்தில் கற்றுக்கொண்டுவிடும். பெக்கம் தம்பதியரின் சிலந்தி மறுபடியும் நூலைப் பிடித்துக் கீழே குதிக்கும். ஆகவே அவன் எழுவதில்லை. வில்லை மடியில் கிடத்திக்கொண்டு, விறைத்த கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு, இருட்டில் அவை புல்லைக் கடிக்கும் ஓசையைக் கேட்டபடி அமர்ந்திருக்கிறான். வெகுநேரம் கழித்து, முன்பே பேசிவைத்தபடி, நண்பனோ மகனோ பண்ணை வண்டியை ஓட்டிக்கொண்டு வெளிச்சத்தோடு அந்தப் பக்கம் வருகிறான். மான்கள் வண்டியைக் கண்டு மிரண்டு, வெண்வால்கள் இருளில் ஒருமுறை மின்ன, காட்டுக்குள் ஓடி மறைகின்றன. அதன் பிறகே வேடன் குடிலின் கதவை மெல்லத் திறக்கிறான்.